எடைமேடை

க்தினியா துறைமுகத்தின் மூன்றாம் வாசலில்
லாரிகளை நிறுக்கிறேன்.
இதற்கு முன் பதினொரு வருடம்
மேலே, கிரேன் கூண்டில் இருந்தேன்.
நாற்பது டன் பெட்டியை
முட்டைக் கூடை இறக்குவதுபோல்
கப்பலில் இறக்கத் தெரிந்தவள்.

ஏணியில் மாட்டும் பாதுகாப்புக் கச்சைக்கு
நூற்று முப்பது கிலோ வரம்பு.
யாரும் திட்டவில்லை.
மேற்பார்வையாளர் யாரெக்
கச்சையில் தைத்திருந்த சீட்டை
வாய்விட்டுப் படிக்காமல்
விரலால் மட்டும் தொட்டுக் காட்டினார்.
அந்த மரியாதை
இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

டாக்டர் வியெஷ்பா
ஒரு ரப்பர் வயிற்றைக் கையில் கொடுத்தார்.
வாழைப்பழம் அளவு மிஞ்சும், மீதியை எடுத்துவிடுவோம்.
எடுத்ததை?
எரித்துவிடுவோம்.
வயிற்றெரிச்சல் என்பது
வெறும் சொல் என்றிருந்தேன் அதுவரை.
எனக்கு முன்னால் சுடுகாடு போகப்போகிறது
என்னோடு நாற்பத்தாறு வருடம்
சண்டை போட்ட ஒன்று.

மனநல ஆலோசகர் கேட்டார்,
எதை இழந்ததாக வருந்துவீர்கள் பொஷேனா?
ரை ரொட்டியின் ஓரம் என்றேன்.
பொய்.
இரவு இரண்டு மணி,
குளிர்பெட்டி திறந்ததும்
முழங்காலில் விழும் அந்த வெளிச்சம்,
என்னிடம் யாரும் எதுவும் கேட்காத அந்தப் பத்து நிமிடம்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அக்கா ஹலினா நான்கு வருடம் முன்பே செய்துகொண்டாள்.
முடி கொட்டியது, முளைத்தது.
கணவன் போனான், அவன் முளைக்கவில்லை
என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.
இழந்ததில் இருபது கிலோ
மெதுவாகத் திரும்பி வந்துவிட்டது,
சாவி வைத்திருக்கும் வாடகைக்காரன் மாதிரி.
செய்துகொள் என்கிறாள்.
சொல்லும்போது
கண் என் தட்டில் இருக்கிறது.

வித்தோல்ட் சொல்கிறான்:
எனக்கு நீ இப்படியே பிடிக்கும்.
அவன் அப்படித்தான், பொய் சொல்ல வராது.
அன்றிரவு முழுக்க அவன்மேல் கோபம்.
இப்படியே என்பதற்குள்
என் முழங்கால்கள் இல்லை,
தூக்கத்தில் நிற்கும் என் மூச்சு இல்லை.

டிசம்பர் ஒன்பது என்று தேதி தந்திருக்கிறார்கள்.
வெள்ளிக்கிழமை பகலுக்குள் பதில் சொல்ல வேண்டும்.
இருபத்துநான்காம் தேதி
கிறிஸ்துமஸ் முந்திய விருந்து.
பன்னிரண்டு பதார்த்தம், எல்லாவற்றையும் ருசிக்காவிட்டால்
வரும் வருடம் விளங்காது என்பார் மாமியார்.
எனக்கு அன்று வடிகட்டிய பீட்ரூட் சூப்,
அதிலும் டீஸ்பூனால் எண்ணி.
வராத விருந்தாளிக்கென்று
மேசையில் ஒரு காலித் தட்டு வைப்பது எங்கள் வழக்கம்.
இந்த முறை
இரண்டு தட்டு அப்படித்தான் இருக்கும்.
யாராவது தெரியாமல்
என் நாற்காலியில் உட்கார்ந்துவிடக்கூடும்.

நேற்று இரவு லாரி வராத இடைவெளியில்
வெளியே போய்
எடைமேடை நடுவில் நின்றேன்.
பனித்தூறல். இரும்புத் தகடு.
சிவப்பு எண் பலகையில் 140.
வீட்டுத் தராசில் நூற்று நாற்பத்தேழு.
இது இருபது இருபதாகத்தான் எண்ணும்,
சில்லறை பார்க்காது.
ஏழு கிலோவை யாரும் கேட்காமலே
மன்னித்த ஒரே யந்திரம்.
அழுகை வரும் என்று நினைத்தேன்,
கால்தான் குளிர்ந்தது.

அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால்
என் பழைய கூண்டு.
விளக்கெரிகிறது, வேறு யாரோ.
நூற்று எழுபத்திரண்டு படி ஏறினால்
வளைகுடாவுக்கு அப்பால்
ஹேல் முனையின் கலங்கரை விளக்கம்
ஒரு சிமிட்டல் தெரியும்,
அடுத்ததற்குக் காத்திருப்பேன்.
மெலிய வேண்டுமா என்று எல்லோரும் கேட்டார்கள்.
மேலே போக வேண்டுமா என்று
ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு லித்துவேனிய லாரி திரும்பியது.
ஓட்டுநர் என்னைப் பார்த்து
முகப்பு விளக்கைத் தணித்தார்.
இறங்கி வழிவிட்டேன்.
முப்பத்தெட்டாயிரத்து இருநூறு.
அவருடைய தாளில்
முத்திரை குத்திக் கையெழுத்திட்டேன்.
என்னுடைய தாள் பைக்குள் இருக்கிறது,
மடித்த இடத்தில்
கிழிய ஆரம்பித்திருக்கிறது.